இயந்திரம் எடுத்த ஆரத்தி

கடலே இல்லாத ஊரில் படகுக்கென்று ஓர் அலுவலகம் நடத்துவது சாதாரண மனிதர்களால் ஆகிற காரியம் அல்ல. அதற்குத் தனி நிர்வாகத் திறமை வேண்டும். அந்தத் திறமை காஞ்சிபுரத்தில் இருந்தது என்பதையும், அது என்னிடம்தான் இருந்தது என்பதையும் அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பிள்ளையார்பாளையத்தின் கோடியில், சாயப் பட்டறைகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று உண்டு. 'வெள்ள மீட்புப் படகுப் பராமரிப்புப் பிரிவு' என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறது. பலகை, படகைவிட இரண்டடி நீளம். உள்ளே நாலு சக்கர வண்டியின் மேல் படகு உட்கார்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் ஏரிகள் நிரம்பி, கூரம் பக்கத்துத் தாழ்வான தெருக்களில் ஜனங்கள் மாட்டிக்கொண்டால், இந்தப் படகு போய் அவர்களை ஏற்றி வர வேண்டும். அதுவரை அதைப் 'பராமரிக்க' வேண்டும். பராமரிப்பை மேற்பார்வையிட ஒரு கண்காணிப்பாளர், அதாவது நான். கூட்டிப் பெருக்க மணியம்மாள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள, ஒப்பந்த அடிப்படையில், ஜீவிதா.

ஜீவிதாவுக்கு ஐயம்பேட்டை. வயது இருபத்தெட்டு. சென்னையில் மீன்பிடித் துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் ஐந்து வருடம் படகு இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டியவள். தினமும் அண்ணன் ஆனந்தராஜின் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். நல்ல பெண்தான். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு பெரிய தவறு செய்தாள். இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டாள். அளவும் குறித்து வைத்து, அடுத்த வாரமே என்னிடம் வந்து நின்றாள்.

"சார், கூலன்ட் கொறையுது" என்றாள்.

கூலன்ட் என்பது பச்சை நிறத்தில் ஒரு திரவம். இயந்திரத்தின் உடம்புக்குள் சுற்றிச் சுற்றி ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு வரும். அது தீர்ந்துபோனால் இயந்திரம் கொதித்து நின்றுவிடும். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு முன் நான் பார்த்த பச்சை, கோப்பில் போடும் மையின் பச்சை மட்டும்தான்.

"எவ்வளவு குறையுது?"

"வாரத்துக்கு ஒன்றரை லிட்டர். எங்கியோ கசியுது சார்."

"ஆவியாகியிருக்கும்மா. நம்ம ஊர் வெயிலு அப்படி."

"மூடி போட்ட டாங்கி சார் அது. அடுப்புல வெச்ச ரசம் இல்ல, ஆவியாப் போறதுக்கு."

அவளுக்கு என் சங்கடம் புரியவில்லை. படகு வந்து இறங்கிய அன்றே, 'இயந்திரத்தில் கசிவு ஏதும் இல்லை' என்று மூன்று பிரதிகளில் நான் சான்றளித்திருந்தேன். கசிவு இல்லை என்று கோப்பு சொல்கிறது. கசிவு இருக்கிறது என்று இயந்திரம் சொல்கிறது. இரண்டில் யார் சீனியர்? படகு வருவதற்கு மூன்று வாரம் முன்பே திறக்கப்பட்ட கோப்பு, இயந்திரத்தைவிட மூத்தது.

"நடு வெள்ளத்துல நின்னுடும் சார். ஏத்துன ஜனங்களோட."

"வெள்ளம் வரும்போது பாத்துக்கலாம்மா."

மறுநாள் காலை படகைச் சுற்றி வரும்போது எதிலோ கால் வைத்து வழுக்கி விழுந்தேன். எழுந்து பார்த்தால் செருப்பெல்லாம் பச்சை. நான் கண்ணில்லாதவன் அல்ல. பார்த்தேன். ஆனால் பார்ப்பது வேறு, பதிவு செய்வது வேறு. 'தரை வழவழப்பாக உள்ளது, பாராட்டத்தக்கது' என்று குறிப்பேட்டில் எழுதினேன். அன்றே 'சுற்றறிக்கை எண் 1' வெளியிட்டேன்: 'மேலதிகாரிகள் எந்த நேரத்திலும் வரக்கூடும் என்பதால், படகின் கீழும் இயந்திரத்தின் மேலும் எந்தத் திரவத்தின் ஒரு சொட்டும், கறையும் காணப்படாதவாறு தினமும் காலை ஆறு மணிக்குத் துடைக்கப்பட வேண்டும்.' மணியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாயாலும் சொல்லி, கையிலும் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணாடித்தாளில் போட்டுத் துடைப்பம் மாட்டும் ஆணியில் தொங்கவிட்டாள். அப்படி ஒரு பணிவு!

அன்று முதல் கொட்டகை கல்யாண மண்டபம் மாதிரி பளபளத்தது. கசியும் இயந்திரத்தில் கசிவு காய்ந்த இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டி நிற்குமாம். அந்தப் பொருக்கைப் பார்த்தே எந்த இணைப்பில் கசிகிறது என்று சொல்லிவிடலாமாம். ஜீவிதா எட்டரை மணிக்கு வந்து டார்ச் அடித்துத் தேடுவாள். ஒன்றும் இருக்காது. மணியம்மாள் ஆறு மணிக்கே துணி நனைத்துத் துடைத்து, இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டும் வைத்திருப்பாள்.

"யக்கா, துடைக்காதக்கா. அடையாளம் போவுது."

"சாரு எழுதிக் குடுத்துகிறாரும்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

அப்புறம் ஜீவிதா ஒரு தந்திரம் செய்தாள். இயந்திரத்துக்குக் கீழே விரிக்கப் பெரிய வெள்ளைத்தாள் கேட்டாள். எழுதுபொருள் பட்டியலில் படகுக்குத் தாள் இல்லை என்று மறுத்துவிட்டேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? சாயங்காலம் போகும்போது கோலமாவை எடுத்துத் தரையில் மெத்தென்று பரப்பிவிட்டுப் போனாள். ராத்திரி சொட்டு விழுந்தால் மாவில் பச்சைப் புள்ளி தெரியும், புள்ளிக்கு நேர் மேலே பார்த்தால் கசியும் இணைப்பு தெரியும் என்பது திட்டம்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி ஐந்து சொட்டு விழுந்திருக்கிறது. ஆனால் காலையில் முதலில் வந்தது மணியம்மாள்.

"யாரோ புள்ளி வெச்சிட்டு அப்படியே உட்டுட்டுப் போய்ட்டாங்கமா. பச்சக் கலர்ல, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. பாதியில உடலாமா? அதான் நானே போட்டு முடிச்சிட்டேன்" என்றாள் பெருமையாக.

படகின் கீழே அற்புதமான ஓர் ஐந்து புள்ளிக் கோலம். நடுவில் தாமரை. நான் அதைப் படம் பிடித்து, 'பருவமழை முன்னேற்பாடு' வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மண்டல அலுவலர் காசிநாதன் அவர்கள் இரண்டு கும்பிடும் ஒரு தாமரையும் பதிலாக அனுப்பினார். ஜீவிதா தலையில் கை வைத்துக்கொண்டு படகின் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இருந்தாலும் விடவில்லை. கோலத்தின் நடுத் தாமரைக்கு நேர் மேலே இருந்த ரப்பர் குழாயின் பட்டையைத் திருகி இறுக்கினாள். சொட்டு நின்றது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்து நின்றாள். "சார், வெளிய சொட்டு நின்னுடுச்சு. ஆனா டாங்கியில இன்னும் கொறையுது. அப்போ உள்ளக்குள்ள கசியுது. அது இன்னும் மோசம்."

"உள்ளே கசிந்தால் யாருக்கும் தெரியாதே. அப்புறம் அதில் என்னம்மா மோசம்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். படகு இயந்திரத்தில் இரண்டு தண்ணீர் ஓடுகிறதாம். ஒன்று உள்ளே சுற்றும் பச்சை கூலன்ட். இன்னொன்று ஏரியிலிருந்து உறிஞ்சும் தண்ணீர். 'ஹீட் எக்ஸ்சேஞ்சர்' என்று ஒரு குடுவை. அதற்குள் மெல்லிய குழாய்கள். குழாய்க்குள் ஏரித் தண்ணீர், வெளியே கூலன்ட். ஏரித் தண்ணீர் கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து பின்பக்கம் கொட்டிவிடும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது.

"அந்தக் குழாயில ஒரு ஊசி ஓட்டை இருந்தாப் போதும் சார். வாராவாரம் டிரம்முத் தண்ணி வெச்சு ஓட்டிப் பாக்கறப்போ, கூலன்ட் அதுல கலந்து பின்னால போய்க்கினே இருக்கும். தரையில சொட்டாது. வெளிய கறை இருக்காது. உங்க கண்ணுக்கு எதுவும் தெரியாது."

எனக்கு மிகவும் பிடித்த வகைக் கசிவாக இருந்தது. ஆனால் அவள் எழுத்தில் கொடுத்துவிட்டாள். எழுத்தில் வந்தால் குழு அமைத்தே ஆக வேண்டும். 'கசிவு கண்டறியும் மூவர் குழு' அமைந்தது. தலைவர், காசிநாதன். தொழில்நுட்ப உறுப்பினர், பொறியாளர் ராமராஜன். அவர் இருபது ஆண்டுகளாக ரோடு ரோலர்களைக் கவனித்துவருபவர். செயலாளர், நான்.

அழுத்தச் சோதனை நடந்தது. கூலன்ட் டாங்கியின் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்திக் காற்றடித்து, அதிலுள்ள அழுத்தமானியின் ஊசி பதினைந்தில் நிற்கும்வரை ஏற்ற வேண்டும். பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். ஊசி இறங்காவிட்டால் கசிவு இல்லை. இறங்கினால் இருக்கிறது. ஜீவிதா காற்றடித்தாள். ஊசி பதினைந்தைத் தொட்டது.

"பதினஞ்சு! குறிச்சுக்கோ மாணிக்கவாசகம்" என்றார் காசிநாதன்.

குறித்துக்கொண்டேன். சரியாக அந்த நேரத்தில் டீயும் வடையும் வந்தன. குழு வெளியே போனது. திரும்பி வந்தபோது ஜீவிதா ஊசியைக் காட்டி, "ஆறு சார்! ஆறுல வந்து நிக்குது!" என்று கிட்டத்தட்டக் கத்தினாள்.

ராமராஜன் படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தயாரித்த படிவத்தில் 'ஊசி காட்டும் அளவு' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் பதினைந்து என்று எழுதியாகிவிட்டது.

"எழுதுனத அடிக்கக் கூடாதும்மா" என்றார் ராமராஜன் வருத்தத்தோடு. "அடிச்சா தணிக்கையில கேள்வி வரும்."

"சார், இறங்கிக்கினு இருக்குதே, கண்ணால பாருங்க சார்!"

"இவ்ளோ நேரம் நின்னுச்சு இல்ல? அதுக்கும் கை வலிக்காதா?" என்றார் காசிநாதன். நாங்கள் சிரித்தோம். 'ஊசி பதினைந்தில் உறுதியாக நின்றது. கசிவு இல்லை' என்று தீர்மானம் நிறைவேறியது.

இனி என்ன மிச்சம்? ஆறு வாரத்தில் ஒன்பது லிட்டர் கூலன்ட் காணோம். கசிவு இல்லை என்று குழுவே சொல்லிவிட்டது. கசியாமல் போனது என்றால் யாரோ கொண்டுபோயிருக்க வேண்டும். தினமும் இயந்திரத்தைத் தொடுகிறவர் ஒரே ஒருவர். அவருடைய அண்ணன் ஓட்டுவது ஷேர் ஆட்டோ. இதைக் கண்டுபிடித்த பெருமை ராமராஜனுடையது. நான் வழிமொழிந்ததோடு சரி.

"அந்த ஆட்டோவுக்கு ரேடியேட்டரே கெடையாது சார்! காத்துல குளிர்ற இஞ்சின் அது. கூலன்ட்ட எங்க ஊத்துவாரு எங்கண்ணன், சீட்டுலயா?" என்றாள் ஜீவிதா.

"ரேடியேட்டரே இல்லாத வண்டிக்குக் கூலன்ட் எடுத்துப் போவது இன்னும் பெரிய தப்பாச்சேம்மா" என்றார் ராமராஜன்.

விசாரணைக்கு நாள் குறித்தோம். விசாரணை முடிந்ததும் கொடுக்க வேண்டிய உத்தரவை, விசாரணைக்கு ஒரு வாரம் முன்பே தட்டச்சு செய்து வைத்தேன். இது எங்கள் வழக்கம். கடைசி நேரத்தில் அவசரப்பட்டால் பிழை வரும். அந்த உத்தரவு என் பணிக்காலத்தின் சிகரம். நாகரிகம் கருதி 'திருட்டு' என்ற சொல்லையே தவிர்த்திருந்தேன். முழு உத்தரவும் ஒரே வாக்கியம். அதை இங்கே தராமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை:

'தமது பொறுப்பில் இருந்த இயந்திரத்தில் கூலன்ட் குறைந்துவருவதை நன்கு அறிந்திருந்தும், அறியாதவர்போல் நடித்து, அதற்கான தடயங்களை அவ்வப்போது அகற்றி, மேலதிகாரிகளைத் தவறாக வழிநடத்தி, வெள்ளக் காலத்தில் பொதுமக்களின் உயிருக்கே ஆபத்து நேரும் நிலையை உண்டாக்கியவர் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியவருவதால், ஜீவிதா இன்று பிற்பகல் முதல் பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறார்.'

எத்தனை 'து'! எத்தனை 'தி'! ஒரு மூச்சில் படித்தால் நெஞ்சு அடைக்கும். மேசைமேல் அது கிடந்ததை ஜீவிதா பார்த்துவிட்டாள். முழுக்கப் படித்தாள்.

"வேல போனாக்கூடப் பரவாயில்ல சார். இந்தக் காயிதத்தோட போனா எந்தப் பட்டறையில என்னச் சேப்பாங்க? ஸ்பேனர எடுத்துக் கையில குடுப்பாங்களா? அஞ்சு வருசம் ஒரு போல்ட்டு நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்ல சார்."

கண்ணில் தண்ணீர் நின்றது. கீழே விழவில்லை. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டவன் என்ன செய்ய முடியும்?

அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. எங்கள் கொட்டகைக்கு அடுத்தது பொன்னியம்மாளின் சாயப் பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவள். முழங்கை வரைக்கும் எப்போதும் சிவப்பு.

"போவாத சாயமா வேணும்கா" என்றது ஜீவிதாவின் குரல்.

"நம்மகிட்ட போற சாயம் ஏதுடீ? அரக்கு எடுத்துக்கினு போ. பட்டுல ஏறுச்சுன்னா சேல கிழிஞ்சாலும் நிறம் போவாது. தோலும் அதுக்குப் பட்டு மாதிரிதான். என் கையப் பாரு. ஆயுத பூஜைக்குள்ள போவும்னு நெனைக்கிற? தீபாவளிக்குக்கூட போவாது."

சேலை விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். பெண்கள் எந்தத் துக்கத்திலும் சேலையை மறக்க மாட்டார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டதையும் மறைக்கப்போவதில்லை.

ஆயுத பூஜை வந்தது. இயந்திரத்துக்கு மாலை போட்டோம். பொரி வைத்தோம். மறுநாள் மண்டல அலுவலரின் பருவமழை ஆய்வு. அதற்குள் யாரும் கூலன்ட்டைத் தொடாமல் இருக்க டாங்கி மூடிக்கு சீல் வைத்துவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். ஜீவிதா மறுப்புச் சொல்லவில்லை. "நிரப்பிடறேன் சார், உங்க கண்ணு முன்னாடியே சீல் வெச்சிடுங்க" என்றாள். புது டப்பா பிரித்து விளிம்புவரை ஊற்றினாள். பிறகு முந்தானையில் முடிந்திருந்த ஒரு பொட்டலத்தை அவிழ்த்து, சிவப்பாக ஏதோ ஒரு பொடியை ஒரு கைப்பிடி உள்ளே போட்டாள்.

"என்னம்மா அது?"

"ஆயுத பூஜை சார்" என்றாள்.

குங்குமம்! என் மனம் நெகிழ்ந்துபோனது. பணிநீக்கம் காத்திருக்கும் நிலையிலும் இயந்திரத்துக்குக் குங்குமம் இடும் மனசு யாருக்கு வரும்? மூடியைப் போட்டுத் துணி சுற்றி, மெழுகு உருக்கி, அலுவலக முத்திரை வைத்து, கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காசிநாதன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். ராமராஜனும் வந்தார். படகை வண்டியோடு வாசலுக்கு இழுத்து நிறுத்தியிருந்தோம். ஏரிக்குப் பதிலாக ஒரு நீல டிரம் நிறையக் குழாய்த் தண்ணீர். இயந்திரம் உறிஞ்சும் குழாய் அதற்குள் கிடந்தது.

"சார், ஓட்றதுக்கு முன்னாடி இந்தத் தண்ணியப் பாத்துக்கோங்க. சீலயும் பாத்துக்கோங்க" என்றாள் ஜீவிதா.

காசிநாதன் டிரம்மை எட்டிப் பார்த்தார். "சுத்தமான தண்ணி" என்றார். நான் குறித்துக்கொண்டேன். ராமராஜன் சீலைத் தடவிப் பார்த்தார். "உடையல" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஜீவிதா சாவியைத் திருப்பினாள். இயந்திரம் இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது. நாங்கள் பின்பக்கம் வரிசையாக நின்றோம். முதலில் புகை வந்தது. அடுத்துத் தண்ணீர் வந்தது. நல்ல அரக்குச் சிவப்பாக, வெதுவெதுவென்று, காசிநாதன் காலடியில் கொட்டியது.

மணியம்மாள்தான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ சாமி! ஆரத்தி! ஆபீசருக்கு இஞ்சினே ஆரத்தி எடுக்குது பாருமா!"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளே நாம் வைத்த குங்குமத்தை இயந்திரம் பிரசாதமாகத் திருப்பித் தருகிறது! இப்படி ஒரு நன்றியறிதலை அரசு ஊழியர்களிடம்கூட நான் கண்டதில்லை. குனிந்து விரலால் தொட்டு, காசிநாதன் நெற்றியில் வட்டமாக ஒரு திலகம் வைத்தேன். அவர் கண்ணை மூடி ஏற்றுக்கொண்டார். ராமராஜன் தானே வைத்துக்கொண்டார், கொஞ்சம் நீளமாகவே. நானும் வைத்துக்கொண்டேன். ராமராஜன் அத்தோடு நிற்காமல், தீர்த்தம் வாங்குவதுபோல் உள்ளங்கையைக் குவித்து நீட்டினார். ஜீவிதா பாய்ந்து வந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"வாயில வைக்காதீங்க சார், வெஷம்! நெத்தியோட நிறுத்திக்கோங்க."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், பக்தியில் அழுகிறாள் என்று நினைத்தேன். படம் எடுத்தோம். வாட்ஸ்அப்பில் போட்டோம். 'காஞ்சிபுரத்தில் அதிசயம்' என்று தலைப்பும் கொடுத்தேன்.

அன்று மாலை முகம் கழுவினேன். பொட்டு போகவில்லை. சோப்புப் போட்டேன். போகவில்லை. புளி தேய்த்தேன், எலுமிச்சை தேய்த்தேன், கடைசியில் மண்ணெண்ணெயும் தேய்த்தேன். நெற்றித் தோல் எரிந்ததே தவிர, பொட்டு இருந்த இடத்தில் இருந்தது. தெய்வ சக்தி என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் நெசவுக் குடும்பத்துப் பெண். கிட்டே வந்து பார்த்தாள். "சாயம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

நாலாம் நாள் விசாரணை. காசிநாதன் நெற்றி நிறைய விபூதிப் பட்டை அடித்துக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு அந்த வழக்கம் கிடையாது. ராமராஜன் கட்டடம் கட்டுகிறவர்கள் போடும் மஞ்சள் தலைக்கவசத்தைப் புருவம்வரை இறக்கியிருந்தார். நான் சந்தனம் அப்பியிருந்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்தோம். என் முன்னால் அந்த உத்தரவு தயாராக இருந்தது.

"ஏம்மா, நீ எதாவது சொல்லணுமா?" என்றார் காசிநாதன்.

"ஒண்ணே ஒண்ணு சார். மூணு பேரும் நெத்தியக் கொஞ்சம் தொடச்சிக் காட்டுங்க."

"இன்னாது!"

"தொடைங்க சார். இல்லன்னா மணியம்மாக்கா தொடைக்கும். அதுக்குத் தொடைக்கிறது நல்லாத் தெரியும்."

மணியம்மாள் ஈரத் துணியோடு வாசலில் வந்து நின்றாள். வேறு வழியில்லை. விபூதி போனது, கவசம் கழன்றது, சந்தனம் போனது. மூன்று நெற்றியிலும் அரக்குச் சிவப்பு.

ஜீவிதா எழுந்து நின்று நிதானமாகப் பேசினாள். "இது பட்டுக்கு ஏத்துற சாயம் சார். நான் இத கூலன்ட் டாங்கியிலதான் போட்டேன், மாணிக்கவாசகம் சார் பாக்க. போட்டு மூடுன டாங்கிக்கு சீல் வெச்சதும் அவருதான். சீல் உடையலன்னு சொன்னது ராமராஜன் சாரு. டிரம்முல இருந்தது சுத்தமான தண்ணின்னு சொன்னது நீங்க. அப்போ உள்ள இருந்த கூலன்ட் வெளிய வராம, உங்க நெத்திக்கு எப்படி சார் வந்துச்சு?"



"இத அன்னிக்கே சொல்லக் கூடாதா?" என்றார் ராமராஜன்.

"சொல்லியிருந்தா அப்பவே தொடச்சிருப்பீங்க. தரையத் தொடச்சீங்க, இஞ்சினத் தொடச்சீங்க, ஊசி இறங்குனதயும் தொடச்சீங்க. அதான் தொடைக்க முடியாத எடத்துல நீங்களே வெச்சிக்கட்டும்னு உட்டுட்டேன்." மேசைமேல் இருந்த உத்தரவைத் தொட்டுக் காட்டினாள். "திருடின்னு எழுதலன்னாலும் அதானே சார் அர்த்தம்?"

காசிநாதன் நெற்றியைத் தடவிக்கொண்டார். நாலு நாளாக அந்த நெற்றியோடு ஊரில் நடமாடிய கோபமெல்லாம் அவர் முகத்தில் திரண்டது. கோபத்தை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். "கசிவு இருக்குது. ஒத்துக்கறேன். இத்தன வாரமா இது ஏன் என் கண்ணுக்குத் தெரியல?" என்றார்.

பதில் வாசலிலிருந்து வந்தது. "தெரியறதுக்கு எங்க உட்டாரு? நான்தான் தெனம் காலையில பச்சப் பச்சயாத் தொடச்சேனே சார்" என்றாள் மணியம்மாள். "சும்மா இல்ல, எழுதிக் குடுத்துகிறாரு." ஆணியில் தொங்கிய சுற்றறிக்கை எண் 1, கண்ணாடித்தாளோடு மேசைக்கு வந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை. கீழே என் கையெழுத்து.

காசிநாதன் அதை இரண்டு முறை படித்தார். ராமராஜன் மெதுவாகத் தன் நாற்காலியை என்னிடமிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். இருபது ஆண்டு அனுபவம் பேசியது.

"ஆர்டர் ரெடியா இருக்குதா?" என்றார் காசிநாதன்.

"இருக்கிறது சார். ஆனால்..."

"குடு இப்படி. நல்லா அடிச்சிருக்கிற தாள வீணாக்குவானேன்?"

பச்சை மைப் பேனாவை எடுத்தார். ஒரு சொல்லை அடித்தார். அதற்கு மேலே இன்னொரு சொல்லை எழுதினார். அடித்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்று ராமராஜன் இந்த முறை சொல்லவில்லை.

புது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வந்து, ஜீவிதா கையாலேயே பொருத்தி ஓட்டிக் காட்டினாளாம். பின்னால் கொட்டிய தண்ணீர், டிரம்மில் இருந்த மாதிரியே தெளிவாக இருந்ததாம். கசிவைத் தளராமல் தேடிக் கண்டுபிடித்ததற்காக மூவர் குழுவில் மிச்சமிருந்த இருவருக்கும் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. எனக்கு அந்த உத்தரவின் பிரதி கிடைத்தது. வீட்டில் உட்கார்ந்து தினமும் படிக்கிறேன். முதல் இரண்டு நாள் வெட்கமாக இருந்தது, இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகளில் நான் எத்தனையோ சான்றுகளும் அறிக்கைகளும் எழுதியிருக்கிறேன். இதைப் போல ஒன்று அமையவில்லை. காசிநாதன் மாற்றியது பெயரை மட்டும்தான். அதற்குப் பிறகு அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.